கீ தப்பில்லை, 126தான் தப்பு

பெங்களூரில் ஜிஆர்இ, ஜிமேட், கேட் (CAT) என்று ஏதாவது ஒரு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் பெர்முட்டேஷன் (வரிசையும் முக்கியம்), காம்பினேஷன் (வரிசை முக்கியமில்லை) பற்றி ஒரே மந்திரத்தைத்தான் ஒப்பிப்பார்கள். கேள்வியில் செலக்ட், சூஸ், கமிட்டி, டீம் என்று வந்தால் காம்பினேஷன். அரேஞ்ச், சீட்டிங், வேர்டு, நம்பர் என்று வந்தால் பெர்முட்டேஷன். மாரத்தஹள்ளி பி.ஜி. விடுதி அறைச் சுவர்களில் மஞ்சள் சீட்டாக ஒட்டிவைக்கும் அளவுக்கு இதற்கு மவுசு. எனக்கோ இதன்மேல் தீராத எரிச்சல். முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் செத்திருக்கும். பாதி நேரம் வேலை செய்து தொலைப்பதால்தான் வம்பு. சுலபமான கணக்குகளில் விடையை வரவழைத்து நம்பிக்கை கொடுத்துவிட்டு, மார்க்கைத் தீர்மானிக்கிற நடுத்தரக் கணக்கில் காலை வாரிவிடுகிறது.

பத்துப் பேர் உள்ள சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் என மூன்று பேரை செலக்ட் பண்ண வேண்டும். செலக்ட் என்று இருக்கிறதே என 10சி3 (பத்தில் மூன்றை வரிசை பார்க்காமல் எடுக்கும் விதங்கள்) = 120 என்று போட்டால் போச்சு. அதே மூன்று பேரில் தலைவரும் பொருளாளரும் இடம் மாறினால் அது வேறு நிர்வாகம். ஆகவே 10 × 9 × 8 = 720. எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்கிறேன். இடமிருந்து வலமாக இலக்கங்கள் ஏறிக்கொண்டே போகும் மூன்று இலக்க எண்கள் எத்தனை? 247, 359 மாதிரி. நம்பர் என்றாலே வரிசைதானே என்று பெர்முட்டேஷனில் இறங்கிவிடுவார்கள். ஆனால் 2, 4, 7 மூன்றையும் எடுத்துவிட்டால் அவற்றை ஏறுவரிசையில் வைக்க ஒரே வழிதான் உண்டு. எடுத்ததோடு வேலை முடிந்தது, விடை 9சி3 = 84. பத்து இலக்கம் இருக்க ஏன் 9? பூஜ்ஜியம் உள்ளே வந்தால் எல்லாவற்றையும்விடச் சின்னது என்று முன்னால் போய் நிற்கும், அப்புறம் அது மூன்று இலக்க எண்ணே இல்லை. இறங்குவரிசை என்று கேள்வியை மாற்றினால் பூஜ்ஜியம் கடைசியில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும், விடை 120 ஆகிவிடும்.

ஒரே ஒரு விடையை எழுதிப் பாருங்கள்

மஞ்சள் சீட்டுக்குப் பதிலாக என்ன? ஃபார்முலா எதையும் தொடுவதற்கு முன், ரஃப் பேப்பரில் ஒரே ஒரு விளைவை முழுசாக எழுத வேண்டும். கமிட்டி என்றால் நாலு பெயர். பாஸ்வேர்டு என்றால் நாலு எழுத்து. அடுத்து, எழுதியதில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றினால் கிடைப்பது புது விளைவா, பழையதேதானா? புதுசு என்றால் வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போகலாம். பழையதே என்றால், பெருக்கி வந்த எண்ணில் ஒவ்வொரு விளைவும் பல தடவை உட்கார்ந்திருக்கிறது, வகுக்க வேண்டும். பத்து விநாடி வேலை. பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில், சிவனின் பத்துக் கைகளில் பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை என்று பத்துப் பொருள்களை எத்தனை விதமாக மாற்றி வைக்கலாம் என்றொரு கணக்கு வருகிறது. உடுக்கையும் பாம்பும் கை மாறினால் அது வேறு உருவம், ஆகவே வகுக்க ஒன்றுமில்லை, 10 × 9 × 8 என்று 1 வரை பெருக்க வேண்டியதுதான், அதாவது 10! (ஃபேக்டோரியல்) = 36,28,800. அடுத்ததாக, நாலு கையும் சங்கு, சக்கரம், கதை, தாமரையும் உள்ள ஹரிக்கு 24.

எந்த இரண்டை மாற்றுவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே மாதிரியான 7 லட்டுகளை 3 குழந்தைகளுக்குப் பங்கு போடுகிறோம், ஒன்றும் கிடைக்காத குழந்தை இருந்தாலும் பரவாயில்லை. ஒரு விளைவு: 4, 2, 1. குழந்தைகளை மாற்றினால் 2, 4, 1 என்று புது விளைவு. லட்டுகளை மாற்றினால் ஒன்றுமே மாறாது. ஆகவே லட்டுகளை வரிசையாக வைத்து நடுவே இரண்டு தடுப்புகள் போடுவதாக நினைத்துக்கொள்ளலாம். மொத்தம் 9 இடம், அதில் தடுப்புக்கு 2 இடம், 9சி2 = 36. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்றாவது வேண்டும் என்றால் முதலில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு மிச்சம் 4ஐப் பங்கு போட வேண்டும், 6சி2 = 15. லட்டுக்குப் பதிலாக 7 வெவ்வேறு புத்தகங்கள் என்றால் கதையே வேறு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் போக 3 வீடு, ஏழு தடவை மூன்றைப் பெருக்கினால் 2,187. இதை 7 × 7 × 7 = 343 என்று தலைகீழாகப் போடுபவர்கள் நிறைய. எது யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்ற குழப்பம்தான் காரணம். ஒரு புத்தகம் ஒரே வீட்டுக்குத்தான் போகும், ஒரு வீட்டுக்கோ பல புத்தகம் வரலாம். ஆகவே தேர்வு செய்வது புத்தகம்.

காணாமல் போன கமிட்டிகள்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு கணக்கை ஆற அமர உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். 5 ஆண்கள், 4 பெண்கள். நாலு பேர் கமிட்டி. குறைந்தது 2 பெண்கள் இருக்க வேண்டும். எத்தனை விதம்?

நன்றாகப் படிக்கிறவர்களே போடும் வழி: முதலில் 2 பெண்களை எடுத்து வைத்துவிடலாம், 4சி2 = 6. நிபந்தனை தீர்ந்தது. மிச்சம் 7 பேரில் யாரை வேண்டுமானாலும் 2 பேர் எடுக்கலாம், 7சி2 = 21. பெருக்கினால் 126. வாதத்தைக் கேட்டால் எந்த ஓட்டையும் தெரியாது. புத்தகத்தின் விடைக் குறிப்பில், அதாவது கீயில், 81 என்று இருக்கும். அப்புறம் நடக்கும் பேச்சு எந்தக் கோச்சிங் வகுப்பிலும் கிட்டத்தட்ட இதுதான்:

“அண்ணா, கீ தப்பா இருக்கு. எனக்கு 126 வருது.”

“கண்டிஷனே இல்லாம மொத்தம் எத்தனை கமிட்டி போடலாம்?”

“9சி4. அதுவும் 126 வருதே.”

“அப்போ நாலும் ஆம்பளைங்களா இருக்கிற கமிட்டியெல்லாம் எங்க போச்சு?”

நிபந்தனை போட்ட பிறகும் மொத்தம் குறையவே இல்லை என்றால் எங்கோ கள்ள ஓட்டு விழுந்திருக்கிறது. எங்கே என்று பெயர் வைத்துப் பார்த்தால் பிடிபடும். பெண்கள் கமலா, மீனா, ராதா, சுதா. ஒரு கமிட்டியில் கமலா, மீனா, ராதா, கூட ஓர் ஆண் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கமிட்டி நம் கணக்கில் எத்தனை தடவை வருகிறது? முதலில் கமலா–மீனா, பிறகு மிச்சத்திலிருந்து ராதாவும் அந்த ஆணும். முதலில் கமலா–ராதா, பிறகு மீனாவும் அந்த ஆணும். முதலில் மீனா–ராதா, பிறகு கமலாவும் அந்த ஆணும். ஒரே நாலு பேர், மூன்று தடவை. நாலு பெண்களும் உள்ள கமிட்டியை எடுத்தால் முதல் ஜோடியை 4சி2 விதமாக எடுக்கலாம், அது ஆறு தடவை எண்ணப்பட்டிருக்கும்.

இனி சரியாகப் பிரித்து எண்ணினால்: சரியாக 2 பெண்கள் உள்ளவை 6 × 10 = 60. சரியாக 3 பெண்கள், 4 × 5 = 20. நாலு பெண்கள், 1. கூட்டினால் 81. தப்பான வழி இதே மூன்றை 60 × 1, 20 × 3, 1 × 6 என்று எண்ணியிருக்கிறது. 60 + 60 + 6 = 126. கச்சிதமாகப் பொருந்துகிறதா? தப்பு விடையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சரியானதை மனப்பாடம் செய்வதைவிட, தப்பு விடை எந்த எண்ணிக்கையால் 126 ஆனது என்று இப்படிக் குடைந்து பார்ப்பதில்தான் இந்தப் பாடம் பிடிபடுகிறது. வேறு எந்தப் பாடத்திலும் இதை இவ்வளவு தூரம் வற்புறுத்த மாட்டேன். அல்ஜீப்ராவில் தப்புக்குக் காரணம் பெரும்பாலும் கை வழுக்கல். இங்கே தப்பு வழிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அந்த நியாயம் உடைகிற இடத்தைக் கண்ணால் பார்க்காதவரை அடுத்த கணக்கிலும் அதே வழியில்தான் கால் போகும்.

கேள்வி தயாரிப்பவர்களுக்கும் இது தெரியாமலா இருக்கும்? மல்டிபிள் சாய்ஸில் 81க்குப் பக்கத்திலேயே 126ஐயும் வைப்பார்கள். நம் விடை ஆப்ஷனில் இருக்கிறது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. ‘குறைந்தது’ என்ற நிபந்தனை இருந்து, ‘முதலில் தேவையானதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் யாரையும்’ என்ற தொடர் மனதில் ஓடினால் அங்கேயே பேனாவை நிறுத்திவிடுங்கள். சரியாக 2, சரியாக 3 என்று பிரியுங்கள், அல்லது மொத்தத்திலிருந்து வேண்டாததைக் கழியுங்கள். பெண்ணே இல்லாதவை 5, ஒரே பெண் உள்ளவை 4 × 10 = 40, ஆக 126 − 45 = 81. எது குறைவான துண்டுகளோ அந்தப் பக்கம் போகலாம்.

வகுப்பது எதற்கு

பதினோராம் வகுப்பில் சேர்மானவியல் (இதே எண்ணும் பாடம்) படித்து வந்தவர்களுக்குச் சூத்திரம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். n!ஐ r!ஆலும் (n − r)!ஆலும் வகுப்பது என்று தெரியும், எதற்காக வகுக்கிறோம் என்று கேட்டால் முழிப்பார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. போர்டு பரீட்சையில் சூத்திரம் எழுதினாலே அதற்கொரு மார்க் உண்டு, இந்தப் பரீட்சைகளில் ஸ்டெப்புக்குத் தம்பிடி கிடையாது.

பனானா என்ற ஆங்கிலச் சொல்லில் ஆறு எழுத்து, ஏ மூன்று, என் இரண்டு. மூன்று ஏக்களுக்கும் மூன்று நிறம், இரண்டு என்களுக்கும் இரண்டு நிறம் அடித்தால் எல்லாம் வேறு வேறாகி 6! = 720. நிறத்தைத் துடைத்தால் ஒவ்வொரு சொல்லும் ஏக்களால் 6 தடவையும் என்களால் 2 தடவையும் எண்ணப்பட்டது தெரியும், 720 ÷ 12 = 60. வட்ட மேசையும் இதே கதைதான். ஆறு பேரை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் ஒரு நாற்காலி நகர்ந்தால் யார் பக்கத்தில் யார் என்பது மாறவில்லை, ஆறு தடவை எண்ணிவிட்டோம், 720 ÷ 6 = 120. சூத்திரம் மறந்துபோனால் ஒருவரை முதலில் உட்கார வைத்து ஆணி அடித்துவிடுங்கள், மிச்சம் ஐந்து பேர் 5! விதம்.

இவற்றைவிட நுணுக்கமானது ஜோடி பிரிப்பது. 6 பேரை மூன்று ஜோடிகளாகப் பிரிக்க எத்தனை வழி? 6சி2 × 4சி2 = 15 × 6 = 90 என்று வரும். ஒரு விளைவை எழுதிப் பாருங்கள்: முதல் ஜோடி, இரண்டாம் ஜோடி, மூன்றாம் ஜோடி. முதல் ஜோடியையும் மூன்றாம் ஜோடியையும் மாற்றினால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை, ஜோடிகளுக்குப் பெயர் கிடையாது. 3!ஆல் வகுக்க வேண்டும், 15. அதே ஜோடிகள் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் கேரம் போர்டில் ஆடப்போகிறார்கள் என்றால் மாற்றுவது வித்தியாசம்தான், 90 அப்படியே நிற்கும். குழுவுக்குப் பெயரோ எண்ணோ வேலையோ கொடுத்திருக்கிறதா என்று கேள்வியை இரண்டாம் தடவை படிப்பது இதற்காகத்தான்.

பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது என்ற வகையில் வேறொரு கண்ணி. 5 பையன்கள், 3 பெண்கள் ஒரே வரிசையில். எந்த இரண்டு பெண்களும் அடுத்தடுத்து வரக் கூடாது. மொத்தம் 8! = 40,320, மூன்று பெண்களும் சேர்ந்திருப்பது 6! × 3! = 4,320, கழித்தால் 36,000 என்பார்கள். கழித்தது மூன்று பேரும் ஒட்டியிருப்பதை மட்டும். இரண்டு பேர் ஒட்டி ஒருவர் தள்ளி இருப்பதெல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பையன்களை முதலில் நிற்க வைத்தால் 120 விதம், முன்னும் பின்னும் நடுவிலுமாக 6 இடைவெளி, அதில் மூன்று பெண்களுக்கு 6 × 5 × 4 = 120 விதம். விடை 14,400.

நிகழ்தகவுக்கு வந்தால்

எண்ணத் தெரிந்தவர்களுக்கு நிகழ்தகவில் புதிதாக வரும் தொல்லை இரண்டுதான். முதலாவது, பின்னத்தின் மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் எண்ணுவது. 4 சிவப்பு, 6 நீலப் பந்து உள்ள பையிலிருந்து இரண்டை எடுக்கிறோம், ஒன்று சிவப்பு, ஒன்று நீலமாக இருக்க என்ன வாய்ப்பு? 4/10 × 6/9 = 4/15 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது முதலில் சிவப்பு, பிறகு நீலம் என்ற ஒரு வரிசைக்கு மட்டும். முதலில் நீலம் வருவதையும் சேர்த்தால் 8/15. வரிசையே வேண்டாம் என்றால் மேலே 4 × 6 = 24, கீழே 10சி2 = 45, அதே 8/15. இரண்டில் எந்த வழியும் சரி, ஆனால் மேலேயும் கீழேயும் ஒரே வழியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணிய விளைவுகள் எல்லாம் சம வாய்ப்புள்ளவையா என்று பார்க்காதது. இதில் வழுக்கினால் வெட்கப்பட வேண்டியதில்லை, பிரெஞ்சுக் கணித மேதை டாலம்பேரே 1754இல் வழுக்கியிருக்கிறார். நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்றார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இல்லையென்றால் பூ–தலை, அல்லது பூ–பூ, ஆக மூன்று விளைவு என்பது அவர் வாதம். அந்த மூன்றில் முதலாவதன் வாய்ப்பு மட்டும் 1/2, மற்ற இரண்டுக்கும் 1/4தான். சரியான விடை 3/4. அவரே தடுக்கிய அதே படியில்தான், இரண்டு பகடையில் 2–5ஐயும் 5–2ஐயும் ஒன்றாக்கி, விளைவுகளை 36 என்று எண்ணாமல் 21 என்று எண்ணுகிறவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

‘ஒரு தடவையாவது’ என்று வந்தால் வாய்ப்புகளைக் கூட்டும் பழக்கமும் பழையதுதான். ஒரு பகடையை 4 தடவை உருட்டினால் ஆறு விழ 4/6, இரண்டு பகடையை 24 தடவை உருட்டினால் இரட்டை ஆறு விழ 24/36, இரண்டும் 2/3தானே என்ற குழப்பம், 1654இல் கணித மேதை பாஸ்கல் இன்னொரு மேதை ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் வருகிற, சூதாட்டப் பிரியர் டி மெரேயின் பிரச்சினையோடு சேர்த்தே சொல்லப்படுவது. கூட்டிக்கொண்டே போனால் 6 உருட்டலில் வாய்ப்பு 6/6 = 1 ஆகிவிடும், அதாவது கட்டாயம் விழும் என்று ஆகிவிடும். விழாமலே போகும் வாய்ப்பைப் பெருக்கி 1இலிருந்து கழித்தால் முதலாவது 51.8 சதவீதம், இரண்டாவது 49.1 சதவீதம். பாதிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

இதை வீட்டில் பகடை உருட்டித்தான் சோதிக்க வேண்டும் என்றில்லை. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நேரத்துக்கு இந்த ஊரில் பஞ்சமா? கே.ஏ. 01, 03, 05 என்று எதுவானாலும் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் பாருங்கள், 0001 முதல் 9999 வரை. ஏதாவது ஓர் இலக்கமாவது திரும்ப வருகிற வண்டிகள் எத்தனை சதவீதம் இருக்கும்? பத்து, பதினைந்து என்பார்கள். நாலும் வேறு வேறாக இருப்பவை 10 × 9 × 8 × 7 = 5,040. மிச்சம் 4,959. கிட்டத்தட்டப் பாதி வண்டி. (காசு கட்டி ஃபேன்சி நம்பர் வாங்குகிறவர்கள் புண்ணியத்தில் கொஞ்சம் கூடவே இருக்கலாம்.) கடைசி இரண்டு இலக்கம் ஒத்துப்போகும் இரண்டு வண்டிகள் கிடைக்க எத்தனை வண்டி பார்க்க வேண்டும்? 12 வண்டிக்கு வாய்ப்பு 49.7 சதவீதம், 13ஆவது வந்து நின்றதும் 55.7. எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் இது ஃப்ளாஷ் கார்டைவிட உருப்படியான பயிற்சி.

பரீட்சை மேசையில்

ஜிஆர்இயில் இப்போது கணக்குக்கு 47 நிமிடத்தில் 27 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஜிமேட்டில் 45 நிமிடத்தில் 21. எண்ணும் கணக்குகள் இதில் சின்னப் பங்குதான், அதற்காக மூன்று மாதம் இதிலேயே குடியிருப்பது வீண். ஜிஆர்இ திரையில் கால்குலேட்டர் உண்டு, ஆனால் அதில் ஃபேக்டோரியல் பட்டன் கிடையாது. ஜிமேட் கணக்குப் பகுதியில் கால்குலேட்டரே கிடையாது. ஆகவே 12சி9 என்று வந்தால் 12சி3 என்று மாற்றி, 12 × 11 × 10ஐ எழுதி, பெருக்குவதற்கு முன்பே 6ஆல் அடித்துவிட வேண்டும், 220. முழு ஃபேக்டோரியலை விரித்துப் பெருக்க ஆரம்பித்தால் நேரமும் போகும், விடையும் போகும்.

ஜிஆர்இயில் பெட்டிக்குள் பின்னத்தை எழுதச் சொன்னால் சுருக்க வேண்டிய அவசியமில்லை, 24/45 என்றே எழுதலாம். கேட்டில் ஆப்ஷன் இல்லாமல் விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை, ஆனால் ஆப்ஷனைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் வசதியும் இல்லை. அங்கே கைகொடுப்பது சின்ன எண்ணில் சோதிப்பது. 9 பேர் கணக்கில் சந்தேகம் வந்தால் அதே வழியை 2 ஆண், 2 பெண், 2 பேர் கமிட்டி, குறைந்தது ஒரு பெண் என்று சுருக்கிப் போட்டுப் பாருங்கள். விரல்விட்டு எண்ணினால் 5. ‘எடுத்து வைக்கும்’ வழியில் 2 × 3 = 6. அரை நிமிடத்தில் வழி தப்பு என்று தெரிந்துவிடும். அதற்கும் நேரமில்லை என்றால் மார்க் பண்ணிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம், ஜிஆர்இயில் அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வரலாம். முதல் பகுதியின் 12 கேள்வியில் எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பகுதி எவ்வளவு கடினம் என்பது முடிவாகிறது. அங்கே ஒரு கமிட்டிக்காக நாலு நிமிடம் செலவழித்தால் கடைசியில் இருக்கும் இரண்டு சுலபமான கேள்விகளைப் படிக்காமலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.